பொடித் தூண்டில் முள் கட்டும்போது வரும் கோளாறுகள்: கையால் கட்டினாலும் கருவியால் கட்டினாலும்

புது ஆற்றில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிவிட்டால் தஞ்சாவூரில் படித்துறைக்குப் படித்துறை யாராவது ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். மாட்டுவதெல்லாம் பெரும்பாலும் விரல் நீளக் கெண்டையும் உள்ளங்கை அகல ஜிலேபியும்தான். அந்த வாய்க்கு 16, 18 நம்பர் முள்தான் பொருந்தும். நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும். புதிதாக வாங்குபவர்கள் இதில்தான் முதலில் ஏமாறுவார்கள். 18 நம்பர் முள் வேகாத பொன்னி அரிசி ஒன்றைவிடக் கொஞ்சம்தான் நீளம். அதில் 0.10 அல்லது 0.12 மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பை, அதாவது தூண்டில் இழையைக் கட்ட வேண்டும். நம் தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான்.

இந்த அளவில் நிறைய முட்களுக்குக் காது இருக்காது. தண்டின் உச்சியைத் தட்டித் தட்டையாக்கி விட்டிருப்பார்கள். நரம்பைக் கோக்க ஓட்டை கிடையாது. தண்டின் மேல் சுற்றிக் கட்டி, அந்தச் சுற்று தட்டைத் தலையில் போய் முட்டி நிற்க வேண்டும். கையால் கட்டலாம். பேனா மாதிரி இருக்கும் சின்னக் கருவியால் கட்டலாம். பேட்டரியில் ஓடும் கருவியும் இணையத்தில் கிடைக்கிறது. மூன்றையும் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். எதில் கட்டினாலும் உருவாவது ஒரே கட்டுதான். கோளாறுகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கருவி வாரியாக எழுதாமல், உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்து எழுதுகிறேன்.

முதலில், சரியான கட்டு எப்படி இருக்கும்

இது தெரியாமல் கோளாறைத் தேட முடியாது. இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முள்ளின் வளைவைப் பிடிக்கட்டும், தட்டைத் தலை வலது பக்கம் பார்க்கட்டும். நரம்பைத் தலைப் பக்கமிருந்து தண்டை ஒட்டி வளைவு வரை கொண்டுவந்து, அங்கே ஒரு சின்னக் கண்ணி விட்டு, திரும்பத் தலைப் பக்கமே கொண்டு போங்கள். அந்தக் கண்ணியை இடது விரல்கள் முள்ளோடு சேர்த்து அமுக்கியிருக்க வேண்டும். இப்போது வால் நுனியை, அதாவது நரம்பின் குட்டை முனையை எடுத்து, தலைக்குக் கீழிருந்து வளைவை நோக்கி, தண்டையும் நரம்பையும் சேர்த்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. 0.10 நரம்புக்கு ஒன்பது பத்துச் சுற்று, 0.16க்கு ஆறு ஏழு போதும். கடைசியில் வால் நுனியைக் கண்ணிக்குள் விட்டு, நீள நரம்பை மெதுவாக இழுத்தால் கண்ணி சுருங்கிச் சுற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

நல்ல கட்டை வெளிச்சத்தில் பார்த்தால் பம்பரத்துக்குச் சுற்றிய சாட்டை மாதிரி வரிவரியாக இருக்கும். தலையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். நீள நரம்பு, முள்முனை இருக்கும் பக்கமாக, அதாவது தண்டின் உள்பக்கமாகத் தலையைத் தாண்டி வெளியே வரும். வால் வளைவைப் பார்த்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்.

கருவி செய்வது நடுவில் இருக்கும் வேலையை மட்டும்தான். முள்ளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், சுற்றிக் கொடுக்கும். முன்னால் நரம்பை எங்கே வைக்கிறோம், பின்னால் எப்படி இறுக்குகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடத்திலிருந்து வந்தவை. அதனால்தான் கருவி வாங்கினவர்களிடமும் முதலில் ஒரு இருபது முள்ளைக் கையால் கட்டிப் பாருங்கள் என்று சொல்கிறேன். கருவி எந்த இடத்தில் தப்பு செய்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

மீன் போனது, முள்ளும் போனது

அறுந்த நுனியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில்தான் காரணம் இருக்கிறது. செல்போன் கேமராவைப் பெரிதாக்கி அந்த நுனியைப் பாருங்கள்.

நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தால், நரம்பு அறவில்லை. கட்டு உருவிக்கொண்டு போயிருக்கிறது. சுற்று ஒவ்வொன்றாகத் தட்டைத் தலையைத் தாண்டி வழுக்கியிருக்கிறது, அந்தச் சுற்றின் நினைவுதான் அந்தச் சுருள். மெல்லிய நரம்புக்கு ஐந்தே சுற்று போட்டிருப்பீர்கள், அல்லது வாலை ஒட்ட நறுக்கியிருப்பீர்கள், அல்லது கட்டைக் கடைசி வரை இறுக்காமல் விட்டிருப்பீர்கள். இறுக்காமல் விட்டது எது என்று கண்டுபிடிக்க, கட்டின முள்ளை நகத்தால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். சுற்று தண்டின் மேல் நகர்ந்தால் அது இன்னும் கட்டே இல்லை.

நுனி வெட்டியது போல நேராக இருந்தால், ஏதோ ஒரு கூர் விளிம்பு அறுத்திருக்கிறது. பெரும்பாலும் அது தட்டைத் தலையின் விளிம்புதான். மலிவு முட்களில் தலையைத் தட்டின பிறகு விளிம்பை மழுக்குவதே இல்லை. புதுப் பாக்கெட் வாங்கியதும் நாலைந்து முள்ளை எடுத்து, தலையின் ஓரத்தில் பழைய நரம்பு ஒன்றை வைத்து முன்னும் பின்னும் இரண்டு தரம் இழுப்பேன். நரம்பில் செதில் எழும்பினால் அந்தப் பாக்கெட்டை மெல்லிய நரம்புக்குப் பயன்படுத்த மாட்டேன். நரம்பு தண்டின் வெளிப்பக்கமாக வந்திருந்தாலும் இதே அறுப்புதான்: மீன் இழுக்கும்போது தலையின் விளிம்பு நேராக நரம்பின் மேல் ஏறி நிற்கும்.

மூன்றாவது ஒரு நுனி உண்டு. வெளிறிப் போய், கண்ணாடித்தன்மை இல்லாமல், லேசாக நெளிந்து இருக்கும். அது சூட்டில் வெந்த நரம்பு. இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இறுக்கும்போதே கட்டுக்கு மேலே அறுகிறது

எனக்கு இதைப் புரியவைத்தவர் படித்துறையில் எப்போதும் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்குக் காலையில் ஏழு முள் கட்டி, ஏழும் இறுக்கும்போதே அறுந்தது. நரம்பு மட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, எச்சில் தொட்டியா?"

"இல்ல மாமா, கருவியில கட்டுறேன். வாய்கிட்ட கொண்டு போக முடியல."

"அப்ப தண்ணியில முக்கு. காஞ்ச கயித்தக் கையில உருவுனா கை எரியுதுல்ல? அது மாதிரிதான் அதுக்கும்."

அவ்வளவுதான் விஷயம். கண்ணி சுருங்கும்போது நரம்பு நரம்பின் மேலேயே உரசிக்கொண்டு ஓடுகிறது. உலர்ந்திருந்தால் அந்த உரசலில் சூடு பிறக்கும். முடியளவு நைலானுக்கு அந்தச் சூடே அதிகம். கையால் கட்டுபவர் வால் நுனியைப் பல்லில் கடிக்கும்போது தானாகவே எச்சில் பட்டுவிடும். கருவியில் கட்டுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கருவிக் கட்டு சீக்கிரம் அறுகிறது என்று பலர் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். மேஜையில் ஒரு மூடியில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சுற்று முடிந்ததும், இறுக்குவதற்கு முன்னால், விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து வையுங்கள். ஃப்ளூரோகார்பன் நரம்பு நைலானைவிட விறைப்பு. அதற்கு இரண்டு தரம் வைத்தாலும் தப்பில்லை.

இறுக்குவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நீள நரம்பை மெதுவாக இழுத்துச் சுற்று தண்டைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் கொண்டு வாருங்கள். அரைகுறையாக இருக்கும்போதே நகத்தால் தள்ளித் தட்டைத் தலைக்கு அடியில் உட்கார வையுங்கள். அப்புறம் வாலை இழுங்கள், கடைசியாக நீள நரம்பை ஒரே சீராக இழுங்கள். முழுக்க இறுகிய கட்டைத் தண்டின் நடுவிலிருந்து தலைக்கு இழுத்தால், அத்தனை சுற்றும் இரும்பில் தேய்ந்துகொண்டே போகும். வெடுக்கென்று இழுக்கவே வேண்டாம்.

இவ்வளவும் செய்து அறுந்தால், முடிச்சே இல்லாத வெறும் நரம்பை ஒரு முழம் எடுத்துக் கையில் சுற்றி இழுத்துப் பாருங்கள். அதுவே சுலபமாக அறுந்தால் நரம்பு பழசு. கடை வாசலில் வெயிலில் தொங்கின நரம்புச் சுருளுக்கு இப்படித்தான் ஆகும். அதை வைத்துக்கொண்டு போராடாதீர்கள்.

சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது

கையால் கட்டும்போது இது வந்தால் இடது பெருவிரல் நழுவுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சுற்றும் விழுந்தவுடன் பெருவிரலை ஒரு நூலளவு முன்னால் உருட்டி அந்தச் சுற்றையும் விரலுக்கு அடியில் எடுத்துக்கொள்ள வேண்டும். இது இருபது முப்பது முள்ளில் தானாக வந்துவிடும். வியர்வைக் கையாக இருந்தால் துண்டில் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

கருவியில் வரும்போது காரணம் வேறு. பேனா மாதிரிக் கருவியில் நரம்பு வெறும் தண்டின் மேல் மட்டும் விழுவதில்லை. முள்ளைப் பிடித்திருக்கும் கருவியின் மெல்லிய கழுத்தையும் சேர்த்துச் சுற்றுகிறது. அதனால் அங்கே விழும் சுற்று தண்டைவிடப் பெரிதாக இருக்கும். முள்ளை வெளியே உருவியதும் அந்தப் பெரிய சுற்றுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சின்னதாக வேண்டும். அந்த ஒரு விநாடியில்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. சுற்றும்போது அழகாக இருந்ததே, வெளியே எடுத்ததும் ஏன் இப்படி என்று குழம்புவது இதனால்தான்.

செய்ய வேண்டியது: நீள நரம்பைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி எப்போதும் லேசான இழுப்பிலேயே வைத்திருங்கள். சுற்றி முடித்ததும் முள்ளை உருவாதீர்கள். கருவியிலேயே இருக்கும்போது முக்கால்வாசி இறுக்கிவிட்டு, நீள நரம்பைத் தளர விடாமல், முள்ளை நேராக வெளியே எடுங்கள். பேட்டரிக் கருவியிலும் இதேதான். அது வேகமாகச் சுற்றுவதால், பொத்தானை அமுக்கும்போதே நரம்பு இழுப்பில் இல்லையென்றால் முதல் இரண்டு சுற்று எப்போதும் கோணலாக விழும். வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் 18 நம்பருக்குக் குறைத்துவிடுங்கள்.

ஏறிக் கிடக்கும் சுற்றோடு முள்ளைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். ஒரு சுற்று மட்டும் ஏறியிருந்தால் தாங்கலாம். ஆனால் ஏறிய சுற்று அடியில் இருக்கும் சுற்றை அமுக்கிக்கொண்டே இருக்கும், அறுந்தால் அங்கேதான் அறும். நான் நறுக்கிவிட்டு மறுபடி கட்டுவேன்.

முள் பக்கவாட்டில் திரும்பித் தொங்குகிறது

நரம்பைப் பிடித்து முள்ளைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தண்டு நரம்பின் நேர்க்கோட்டில் தொங்க வேண்டும், முனை லேசாக உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் நரம்பு தலையின் ஓரமாக வருகிறது. வெளியே பார்த்திருந்தால் பின்பக்கமாக வருகிறது. கடைசி இழுப்புக்கு முன்னால் கட்டு முழுவதையும் நகத்தால் உருட்டி, நரம்பை உள்பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். இறுகின பிறகு திருப்பினால் நரம்பு தேயும்.

கருவியில் ஒவ்வொரு முள்ளும் இப்படியே ஒரே பக்கம் சாய்ந்து வந்தால், முள்ளை நீங்கள் இடுக்கில் வைக்கும் திசை தப்பு. முள்முனை மேலே பார்க்க வேண்டிய கருவியில் கீழே பார்க்க வைத்திருப்பீர்கள். ஒரு முள்ளைத் திருப்பி வைத்துக் கட்டிப் பாருங்கள், அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்ததும் கருவியின் மேல் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்: முனை இந்தப் பக்கம் என்று.

கட்டுக்கு மேலே நரம்பு சுருள் சுருளாக இருக்கிறது

முள் மாட்டியே இருக்கிறது, கட்டும் நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு மேலே இரண்டு அங்குலம் நரம்பு ஸ்பிரிங் மாதிரி நெளிகிறது. நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்திருப்பீர்கள். கத்தரிக்கோலின் முதுகில் ரிப்பனை இழுத்தால் சுருளுமே, அதே வேலைதான். கருவியில் என்றால், நரம்பு ஓடும் காடியில் பிசிறு இருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியைக் காடிக்குள் ஓட்டிப் பாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு. நைசான உப்புத்தாளை மடித்து நாலு தரம் தேய்த்தால் போய்விடும். ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கின கருவியை இந்த ஒரு பிசிறுக்காக மூலையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

லேசாகச் சுருண்டதை ஈர விரலால் மெதுவாக நீவினால் நேராகும். வெளிறியே போயிருந்தால் நீவிப் பயனில்லை.

கருவியிலிருந்து முள் தெறிக்கிறது

இடுக்கு அந்த நம்பருக்குப் பெரிது. 10, 12 நம்பரை நன்றாகப் பிடிக்கும் கருவி 20 நம்பரை விட்டுவிடும். ஒரே கருவி எல்லா அளவுக்கும் ஆகும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சரி. நம்பரும் நம்ப முடியாதது. ஒரு கம்பெனியின் 16, இன்னொன்றின் 18 அளவுக்கு இருக்கும். ஆகவே கருவி வாங்கும்போது உங்கள் முள் இரண்டைக் கையோடு கொண்டு போய் வைத்துப் பாருங்கள். இடுக்கில் காகிதத் துண்டு வைத்து இறுக்குவது ஓரளவு உதவும். முனையைப் பிடிக்கும்படி வைக்கவே கூடாது. வளைவைத்தான் பிடிக்க வேண்டும்.

தெறிக்கும் முள் கண்ணை நோக்கித்தான் வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாதவரும் முள் கட்டும்போது ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. கீழே விழுந்ததைத் தேட ஸ்பீக்கர் காந்தம் ஒன்று போதும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எண்ணி எடுத்து, எண்ணி உள்ளே வையுங்கள். எதிர்முள் (முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்) வரைக்கும் விரலில் ஏறிவிட்டால் நீங்களாக இழுக்காமல் மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேளுங்கள்.

கண்ணுக்கே தெரியவில்லை, கை நடுங்குகிறது

நாற்பதைத் தாண்டியவர்கள் இதைக் கோளாறாகச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். பழகின கையாக இருந்தாலும் வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் 18 நம்பரின் தலையும் முனையும் குழம்பும். முதலில் வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள்: டேபிள் விளக்கு இடது பக்கம், மேஜையில் வெள்ளைத் துண்டு. முள் கறுப்பாக இருப்பதால் வெள்ளையில் எடுத்துக் காட்டும். நரம்பு தெரியவில்லையென்றால் மடியில் கறுப்புத் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் கஷ்டம் என்றால் தயங்காமல் கருவிக்குப் போங்கள். கருவி நிஜமாகவே ஜெயிக்கும் இடம் இதுதான். எனக்குக் கையால் ஒன்று கட்ட ஒரு நிமிடம், கருவியால் நாற்பது விநாடி. இந்த வித்தியாசத்துக்காக வாங்க வேண்டியதில்லை. ஆனால் முள்ளைத் தானாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மூன்றாவது கை, நடுங்கும் விரலுக்குப் பெரிய உதவி. மாமா போன வருடம் பேட்டரிக் கருவி வாங்கிக்கொண்டார். இப்போதும் கட்டி முடித்ததும் ஒரு தரம் உதட்டில் தொட்டுத்தான் இறுக்குகிறார்.

ஆற்றங்கரைக்குக் கருவியை நம்பிப் போகாதீர்கள். காற்றும் ஈரமும் சேர்ந்தால் எதுவும் நிதானமாக ஓடாது. வீட்டிலேயே இருபது கட்டி, மறுமுனையில் கண்ணி போட்டு, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆணி அடித்த பலகையில் வரிசையாக மாட்டிக் கொண்டு போங்கள். ஆணி இருந்தால் நீளமும் தானாக ஒன்றாக வரும்.

கட்டில் தப்பில்லை, தக்கை அமிழ்கிறது, மீன் மட்டும் மாட்டவில்லை

முனையைப் பாருங்கள். பெருவிரல் நகத்தில் முள்முனையை லேசாக வைத்து இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர் இருக்கிறது; வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. இடுக்கில் முனையை வைத்துக் கட்டின முள் புதிதாக இருந்தாலும் மழுங்கியிருக்கும், சில சமயம் வாயே விரிந்திருக்கும். பக்கத்தில் புது முள் ஒன்றை வைத்து ஒப்பிட்டால் விரிந்தது தெரியும். வாலையும் பாருங்கள். நீளமாக விட்டிருந்தால் மண்புழுவைத் தாண்டி வெளியே குத்திக்கொண்டு நிற்கும், கெண்டை வாயில் வாங்கி அப்படியே துப்பிவிடும்.

மழுங்கின பொடி முள்ளைத் தீட்ட முயற்சிக்க வேண்டாம். அந்த அளவில் தீட்டத் தீட்ட முனை தேய்ந்து போகும். நறுக்கி, மூடி உள்ள பழைய மாத்திரை டப்பாவில் போடுங்கள். நறுக்கின நரம்புத் துண்டுகளும் அதிலேயே போகட்டும். படித்துறையில் விட்டால் குளிக்க வருபவர் காலிலும் கொக்கின் காலிலும்தான் போய்ச் சுற்றும்.